தரம் 9 இல் நடத்திய இளையோர் விருத்தி நிகழ்ச்சி பலன் தந்ததா? பார்க்கும் முறை

பிள்ளைகளின் தன்னம்பிக்கை, பிறரோடு பிணைப்பு போன்றவற்றை வளர்க்க நடத்தும் இளையோர் விருத்தி நிகழ்ச்சி முடியும் நாளில் ரோல்ஸும் தேநீரும் கொடுத்துவிட்டு "பிடித்ததா?" என்று கேளுங்கள். 35 பேர் இருக்கிற வகுப்பில் 40 கை உயரும். அதைத்தான் மதிப்பீடு என்று கோப்பில் போட்டுவிடுகிறோம். பிடிப்பது வேறு, மாறுவது வேறு. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் முதல் தடவையாக இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதை அளப்பது? அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லேர்னர் சொன்ன ஐந்து கூறுகள் தொடங்க வசதியானவை: திறமை, தன்னம்பிக்கை, பிறரோடு பிணைப்பு, நற்பண்பு, பரிவு. ஐந்தும் வளர்ந்தால் ஆறாவதாகப் பங்களிப்பு வரும் என்பது அவர் பக்கத்துக் கருத்து. ஐந்தையும் தலையில் தூக்காதீர்கள். உங்கள் நிகழ்ச்சி உண்மையில் தொடுகிற இரண்டு போதும்.

அடுத்தது வினாக்கொத்து. கூற்றுகள் 12 இருந்தால் தாராளம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. வேறு நாட்டில் எழுதிய கூற்றுகளை மொழிபெயர்த்து எடுத்தால் ஐந்தாறு பிள்ளைகளை இருத்தி, "இதை உன்ரை சொல்லில் சொல்லு பார்ப்பம்" என்று கேளுங்கள். "வீட்டுவேலையில் உதவுவேன்" என்று நான் ஒருமுறை எழுதியிருந்தேன். சமையலும் கூட்டுவதும் என் மனதில் இருந்தன. பிள்ளைகளோ ரீச்சர் தரும் வீட்டுவேலையை நினைத்துப் புள்ளி போட்டிருந்தார்கள்! "எனக்கு எதுவும் சரிவராது" போன்ற எதிர்க் கூற்றுகளையும் இடையில் வையுங்கள். கூட்டும்போது அவற்றின் புள்ளியை 6 இலிருந்து கழிக்க வேண்டும். அதை மறந்து ஒரு முழு இரவு குழம்பியவன் நான்.

தாளில் பெயர் கேட்காதீர்கள், பெயர் இருந்தால் நல்ல பிள்ளையின் விடைதான் வரும். அம்மாவின் பெயரின் முதலெழுத்து, தான் பிறந்த திகதி, வீட்டில் எத்தனையாவது பிள்ளை, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு எழுதச் சொல்லுங்கள். ஒரே தாளை நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கொடுப்பீர்கள், அந்த இரண்டையும் பொருத்த அது உதவும். அதிபரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் இதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

இனி, பலரும் தாண்டிப்போகும் இடம். தரம் 9 பிள்ளை ஒரு தவணையில் எப்படியும் கொஞ்சம் வளரும். அந்த வளர்ச்சியையும் உங்கள் கணக்கில் போட்டுக்கொள்வது சரியா? அதனால்தான் நிகழ்ச்சி நடக்காத இன்னொரு தரம் 9 வகுப்புக்கும் அதே தாளை அதே வாரத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் வகுப்பின் சராசரி 3.1 இலிருந்து 3.6 ஆகியது, மற்ற வகுப்பு 3.2 இலிருந்து 3.5 ஆகியது என்று வைப்போம். உங்கள் பங்கு 0.5 அல்ல, 0.2 தான். ஹொங்கொங்கில் 2005 இல் தொடங்கிய பாத்ஸ் (P.A.T.H.S.) என்ற இளையோர் விருத்தித் திட்டத்திலும் நிகழ்ச்சி நடந்த 24 பாடசாலைகளை நடக்காத 24 உடன் ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். நம்மிடம் இரண்டு வகுப்புத்தான். ஆகவே 0.2 வந்ததும் பதாகை கட்ட வேண்டாம், அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம்.

தாள் கொடுக்கும் நாளையும் பார்த்து வையுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வாரத்தில் பிணைப்பு பொங்கி வழியும், தவணைப் பரீட்சை வாரத்தில் தன்னம்பிக்கை கிணற்றுக்குள் போய்விடும். முடிந்தால் மூன்று மாதம் கழித்து மூன்றாம் முறையும் அளந்து பாருங்கள்.

அப்புறம், நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா? 12 அமர்வு திட்டமிட்டு 7 நடந்திருந்தால், ரியூசன் இருக்கிறது என்று பாதிப் பேர் நேரத்தோடு போயிருந்தால், பலன் இல்லாததற்குக் காரணம் நிகழ்ச்சி அல்ல. வரவு இடாப்பைத் தனியாக வையுங்கள். நீங்கள் கற்பிக்கும்போது இன்னொரு ஆசிரியர் பின்வாங்கில் இருந்து குறிப்பெடுக்கட்டும்.

கடைசியாக, நிகழ்ச்சியில் இருந்த ஆறு பிள்ளைகளோடு பேச்சு. அதை நீங்கள் நடத்த வேண்டாம், பிள்ளைகள் உங்களுக்கு மனம் நோகாமல்தான் சொல்வார்கள். "போன மாதம் இதிலே பழகினதை எங்கே பாவிச்சீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். யாருக்கும் ஒரு சம்பவம்கூட வாயில் வராவிட்டால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஒப்பீட்டுக்கு நின்ற வகுப்புக்கு அடுத்த தவணை அதே நிகழ்ச்சியை நடத்திக் கொடுங்கள். இரண்டு முறை தாள் நிரப்பியும் அவர்களுக்கு ரோல்ஸ் கிடைக்கவில்லை.