பழைய பீங்கான் தட்டா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

பாட்டி வீட்டுப் பரணிலிருந்து வந்த பீங்கான் தட்டு எந்த நாட்டுச் சரக்கு என்று தெரிய வேண்டுமானால், பூ வேலைப்பாட்டை விட்டுவிட்டு, கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையில் நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1891 முதல் அமெரிக்காவில் இறங்கும் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததால், ஏற்றுமதி செய்த கம்பெனிகள் பலவும் அதைப் போட ஆரம்பித்துவிட்டன. ஜப்பான் தட்டு என்றால் இன்னும் சுலபம், ‘நிப்பான்’ (ஜப்பானுக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயர்) என்று இருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தையது, வெறும் ‘ஜப்பான்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது, ‘ஆக்குபைடு ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரை. அழுத்திப் பதித்த முத்திரை கண்ணுக்குத் தெரியவில்லையா, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

முத்திரையே இல்லாத தட்டுக்கு இது உதவாது. சீன எழுத்து முத்திரையையும் நம்ப வேண்டாம், பழைய அரசர் பெயரைப் பிற்காலத்தவரும் மரியாதைக்காகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம், ‘நிப்பான்’ முத்திரையிலும் போலி உண்டு. பரணில் கிடந்தது என்றால் சரி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குவதென்றால் முத்திரையை மட்டும் நம்பிப் பர்ஸைத் திறக்காதீர்கள்.