பெட்ரூம்லயே பில்லி ஐலிஷ் மாதிரி குரல் ரெக்கார்ட் பண்றது எப்படி

2019ல வந்த, அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷோட முதல் ஆல்பம் பெரிய ஸ்டுடியோல எடுத்தது இல்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல ஹைலேண்ட் பார்க்னு ஒரு ஏரியா, அங்க அப்பா அம்மா வீட்டுல அண்ணன் ஃபின்னியஸோட பெட்ரூம்ல எடுத்தது. அடுத்த ஜனவரியில கிராமியோட நாலு பெரிய விருதையும் ஒரே ராத்திரில வாங்கிட்டாங்க, அப்போ வயசு 18தான். இதைச் சொன்னதும் எல்லாரும் என்ன மைக்னு தான் கேக்குறாங்க. ஆனா அந்தக் குரல் நம்ம காதுக்குப் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குதே, அது மைக் விலையால வர்றது இல்லங்க, சாதாரண கண்டன்சர் மைக்கே (சின்ன சத்தத்தையும் பிடிக்கிற வகை) போதும்.

முதல்ல ரூமைப் பாருங்க. மெதுவா பாடுனா கெயின் (மைக்ல வர்ற சத்தத்தைப் பெருசாக்குற அளவு) ஏத்தணும், கெயின் ஏத்துனா ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் சேர்ந்து ஏறும். நான் ரொம்ப நாள் ஃபேனை ஓடவிட்டே எடுத்துட்டு அப்புறம் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுக்கலாம்னு இருந்தேன், குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுச்சு, அதை யாராலயும் சரி பண்ண முடியல. அதனால ராத்திரில ஃபேனை நிறுத்திட்டு எடுங்க. போர்வையை மைக்குக்குப் பின்னாடி தொங்கவிடுறத விட உங்க முதுகுக்குப் பின்னாடி தொங்கவிடுங்க, ஏன்னா மைக் பாக்குறது உங்களை, உங்களுக்குப் பின்னாடி இருக்குற சுவத்துல பட்டு வர்ற சத்தம்தான் நேரா அதுக்குள்ள போகுது.

அடுத்து தூரம், எல்லாமே இதுலதான் இருக்கு. வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி போதும். முன்பக்க சத்தத்தை மட்டும் அதிகமா பிடிக்கிற மைக்ல (கார்டியாய்டுனு சொல்வாங்க) கிட்ட போகப் போக அடித்தொண்டை பேஸ் கூடும், மெல்லிசா பாடுனாலும் குரல் கனமா கேக்கும். ப, பு மாதிரி எழுத்து வரும்போது காத்து அடிக்கும், அதுக்கு பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னாடி வைக்கிற வலை) வைங்க, மைக்கைக் கொஞ்சம் சாய்ச்சும் வைங்க. கத்திப் பாடுற வரி வந்தா மட்டும் பின்னாடி தள்ளிக்கோங்க.

முழுப் பாட்டையும் ஒரே டேக்ல பாடணும்னு பிடிவாதம் வேணாம். ஒரு வரியை பத்து பதினஞ்சு தடவை பாடி, நல்லா வந்த வார்த்தையை எடுத்து ஒட்டுங்க, இதுக்குத்தான் காம்பிங்னு பேரு, ஏமாத்து வேலைன்னு நினைக்காதீங்க. அப்புறம் அதே வரியை இன்னும் ரெண்டு தடவை தனியா பாடி ஒண்ணை இடது பக்கமும் இன்னொண்ணை வலது பக்கமும் சின்ன வால்யூம்ல வைங்க. ஒரே டேக்கைக் காப்பி பேஸ்ட் பண்ணா சத்தம்தான் கூடும், அகலம் வராது. கிட்ட வச்சு எடுத்த குரல்ல 'ஸ்' சத்தம் குத்தும், அதைக் குறைக்கிற டீ-எஸ்ஸர்ங்கிற எஃபெக்ட் போட்டு அடக்கிடுங்க.

மியூசிக்ல இடம் விடுங்க. அந்த ஆல்பத்துல இருக்குற 'பேட் கை' பாட்டைக் கேளுங்க, பேஸ், கிக் டிரம், விரல் சொடக்கு, அவ்ளோதான் பெரும்பாலும், நடுவுல குரல் மட்டும் நிக்கும். அதுல சிட்னில ரோடு கிராஸ் பண்ற சிக்னலோட டிக் டிக் சத்தத்தை போன்ல பிடிச்சு சேர்த்திருக்காங்க, 'பரி எ ஃப்ரெண்ட்' பாட்டுல பல் டாக்டர் டிரில் சத்தமே இருக்கு. சாம்பிள் பேக் (ரெடிமேட் சத்தங்களோட தொகுப்பு) வாங்குறதுக்கு முன்னாடி உங்க தெருவுல போனை நீட்டிப் பாருங்க, உங்க பாட்டுல மட்டும்தான் அந்த சத்தம் இருக்கும்.

மிக்ஸ் முடிஞ்சா இயர்போன், போன் ஸ்பீக்கர் ரெண்டுலயும் கேட்டு, வரி புரியுதான்னு பாத்துட்டு அப்லோட் பண்ணிடுங்க. 2015ல பில்லியோட 'ஓஷன் ஐஸ்' பாட்டு சவுண்ட்கிளவுட்ங்கிற சைட்ல ஏறுனது டான்ஸ் மாஸ்டருக்குக் கொடுக்கத்தான், ஃபின்னியஸ் தன்னோட பேண்டுக்காக எழுதுன பாட்டு அது, தங்கச்சிக்கு அப்போ 13 வயசு. உங்க பாட்டுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தா லிங்கை முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க.