மரப்பூங்காவையும் அதன் குளத்தையும் நிதானமாகப் பார்ப்பது எப்படி?

மரப்பூங்காவுக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் எல்லாப் பாதையையும் நடந்து முடித்துவிடப் பார்க்கிறார்கள். கடைசியில் கால்வலிதான் மிச்சம். நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: நான்கைந்து மரம், ஒரே ஒரு குளம், அதற்கு அரை நாள். அவ்வளவு போதும்.

முதலில் நேரம்

திறந்தவுடன் போய்விடுங்கள். பறவைகள் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கும். தட்டான்கள் அப்படியில்லை, வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் அவற்றால் நன்றாகப் பறக்க முடியும். அதனால் காலையில் மரங்கள், வெயில் ஏறியதும் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு, பென்சில், முடிந்தால் பைனாகுலர். அதில் 8×42 என்று போட்டிருந்தால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். தொடக்கத்துக்கு அதுவே தாராளம். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்மேல் பளபளக்கும் வெளிச்சத்தைக் குறைத்து உள்ளே இருப்பதைக் காட்டும்.

மரத்தின் முன்னால்

பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள். பெயர் தெரிந்ததும் நம் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. முதலில் பட்டையைக் கவனியுங்கள், அப்புறம் ஒரு கிளையை. இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? சரி, எது ஒரு முழு இலை? வேப்பிலை மாதிரியான கூட்டிலையில் நாம் இலை என்று நினைப்பது வெறும் சிற்றிலை. காம்பு கிளையோடு சேரும் மூலையில் குட்டியாக ஒரு மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் அது இருக்காது. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் இலை தொடங்குகிறது. இதைக் கிள்ளாமல், கிளையை வளைக்காமல், குனிந்து பார்த்தாலே தெரியும்.

இப்போது பலகையைப் படிக்கலாம். அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தன் நூலில் தாவரங்களுக்கு முறையாகக் கையாண்ட வழி இது. கீழே ஒரு எண்ணும் இருக்கலாம். பல தோட்டங்களில் அதன் முதல் நான்கு இலக்கங்கள், அந்த மரமோ அதன் விதையோ அங்கு வந்து சேர்ந்த ஆண்டைக் குறிக்கும்.

குளக்கரையில்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். விளிம்புவரை போய் நிற்காதீர்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு மேலே உள்ள உலகம் முழுவதும், ஒளி வளைவதால், சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. உயரமாக நிற்பவர் அதில் பளிச்சென்று தெரிவார், சற்றுத் தள்ளித் தாழ்வாக உட்கார்ந்திருப்பவர் வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிப்போவார். உங்கள் நிழலும் தண்ணீரில் விழக்கூடாது. உட்கார்ந்துவிட்டீர்களா? அரை மணி நேரம் எழுந்திருக்காதீர்கள். நீங்கள் வந்ததும் குதித்து மறைந்த தவளையும், கட்டையிலிருந்து நழுவிய ஆமையும் மெல்லத் திரும்பி வரும். முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை மூழ்கினால் அதே இடத்தைப் பார்க்காமல், சுற்றிலும் பாருங்கள், வேறெங்கோதான் எழும்.

இறக்கையை விரித்தபடி உட்கார்வது தட்டான், பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடிப்பது ஊசித்தட்டான். பறந்துபோன தட்டானைத் துரத்தாதீர்கள், பல வகைகள் அதே குச்சிக்கே திரும்பும்.

அப்புறம், கரையோரக் கோரைத் தண்டுகளைத் தவறாமல் பாருங்கள். பழுப்பு நிறத்தில், முதுகு பிளந்து, கால்களால் தண்டை இறுகப் பிடித்தபடி ஒரு வெற்றுத் தோல் ஒட்டியிருக்கும். தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் மேலேறி வந்து கழற்றிவிட்டுப் போனது அது. பிளவில் தொங்கும் வெள்ளை நூல்கள் அதன் மூச்சுக்குழாய்களின் உள்உறை. குளத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான், இதற்காகவே மறுபடி மறுபடி போகலாம்.

வாத்துக்கோ மீனுக்கோ எதையும் தின்னப் போடாதீர்கள், மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கிளம்பும்போது செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிடுங்கள், வேறொரு குளத்துக்குப் போகுமுன் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரச்சேற்றோடு அடுத்த குளத்துக்கும் போய்ச்சேரும்.