சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்தல்: முதல் வீட்டைத் தேடுவோருக்குச் சில வழிகள்

சென்னையில் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும் கொடுத்தது போக மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்று உணர்ந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்ததாலோ பணி ஓய்வு பெற்றதாலோ திருச்சிக்குப் போய்விடலாம் என்று எண்ணும் குடும்பங்கள் பல. விமான நிலையம், பெரிய ரயில் சந்திப்பு, மருத்துவமனைகள், நூறாண்டு கடந்த கல்லூரிகள், காவிரித் தண்ணீர் என எல்லாம் ஒரே ஊரில் கிடைப்பதால் அந்த எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் இப்படி வருபவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதன்முதலில் பிடிக்கும் வீட்டையே காலத்துக்கும் இருக்கப்போகும் வீடாக நினைத்துத் தேடுகிறார்கள். முதல் வீட்டை ஓராண்டு தங்கி ஊரைப் பார்த்துக்கொள்வதற்கான இடமாக மட்டும் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் குறிப்புகள் முழுவதும் அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

முதலில் கணக்கு

சென்னையில் 22,000 ரூபாய் வாடகை கொடுத்து வந்தவருக்குத் திருச்சியில் அதே அளவுள்ள வீடு 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் மிச்சம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அலுவலகம் மாதம் இரண்டு முறை நேரில் வரச் சொன்னால், ஒரு வழிக்கே ஏறத்தாழ 330 கிலோமீட்டர் போய்வரும் பயணச் செலவும் அங்கே தங்கும் செலவும் அதிலிருந்து கழிய வேண்டும். வைகை, பல்லவன், மலைக்கோட்டை ஆகிய விரைவு ரயில்களும் வந்தே பாரத் ரயிலும் இருப்பதால் பயணம் கடினமானதன்று. ஆயினும் வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் கடைசி நேரத்தில் பயணச்சீட்டு கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது.

சம்பளதாரர்கள் மறந்துவிடும் மற்றொரு கணக்கும் இருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு வாடகைப்படி (எச்.ஆர்.ஏ.) விலக்கின் வரம்புகளில் ஒன்று, சென்னையில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 விழுக்காடாகவும் திருச்சியில் 40 விழுக்காடாகவும் கணக்கிடப்படுகிறது. மத்திய அரசு ஊழியருக்குச் சென்னை எக்ஸ் வகை நகரம், திருச்சி ஒய் வகை நகரம் என்பதால், இடமாற்றம் பெற்று வந்தால் வாடகைப்படியே 30 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறையும்.

முன்பணம் வேறொரு சிக்கலை உண்டாக்கும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பணம் வீட்டைக் காலி செய்த பிறகுதான் திரும்பும். திருச்சி வீட்டின் முன்பணத்தையோ சாவியை வாங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். இடைப்பட்ட ஒன்றிரண்டு மாதங்களுக்கு இரண்டு வீட்டு முன்பணமும் வெளியே நிற்கும் என்பதால், அந்தத் தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வீடு தேடத் தொடங்க வேண்டும்.

எந்தப் பகுதி

தில்லைநகரும் கண்டோன்மென்ட்டும் மருத்துவமனை, கடை, பேருந்து எல்லாவற்றுக்கும் அருகில் இருப்பதால் வாடகை அதிகம். சென்னையை விட்டு வந்ததன் பயனில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். ஆனாலும் வயதான பெற்றோரை அடிக்கடி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய குடும்பத்துக்கு, அந்தக் கூடுதல் வாடகை ஆட்டோ செலவிலும் அலைச்சலிலும் ஈடாகிவிடலாம். கே.கே.நகர் குடும்பங்கள் விரும்பும் அமைதியான பகுதி. விமான நிலையமும் அருகில் இருக்கிறது. திருவெறும்பூர்ப் பக்கம் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் கட்டிய தனி வீடுகள் பல உண்டு. துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.க்கோ நவல்பட்டு எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கோ வேலைக்குச் செல்பவர் நகரின் நடுவே வீடு பிடிப்பது, தஞ்சாவூர்ச் சாலையில் நாள்தோறும் நேரத்தை இழப்பதற்குச் சமம்.

ஸ்ரீரங்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு அது. ஓய்வு பெற்றவர்களின் முதல் ஆசை பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் சைவ உணவுக்காரர்களுக்கு மட்டுமே வீடு என்று சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேலும் துருவிக் கேட்பவர்களும் உண்டு என்பதை மூடிமறைத்துப் பயனில்லை. இப்படிப்பட்ட கேள்வி எழும் வீட்டைத் தொலைபேசியிலேயே கண்டறிந்து விலக்கிவிட்டால் ஒரு நாள் அலைச்சல் மிஞ்சும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல் பத்து, இராப் பத்து நாள்களில் கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும். கோயிலுக்காகவே குடிவருபவருக்கு அது மகிழ்ச்சி. காலை எட்டு மணிக்கு ஆற்றைக் கடந்து மகனைப் பள்ளியில் விட வேண்டியவருக்கு அது வேறு அனுபவம்.

வெளியூர்ப் பேருந்துகளுக்காக மதுரைச் சாலையில் உள்ள பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025இல் திறக்கப்பட்டது. ஆகவே, “பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்” என்று தரகர் சொன்னால் அது மத்தியப் பேருந்து நிலையமா, சத்திரம் பேருந்து நிலையமா, பஞ்சப்பூரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேடும் காலமும் முறையும்

பள்ளிகள் ஜூனில் திறப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குப் போட்டி அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் அப்போது காலியாக நிற்கும் வீட்டின் உரிமையாளர் சற்று இறங்கி வருவார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஆடியில் வீட்டைப் பார்த்துப் பேசி முடித்து, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபுகலாம். இந்தப் பழக்கத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கு ஆடி மாதமே பேரம் பேச வாகான மாதம்.

இணையத்தில் காணும் வீடுகளை வாடகை நிலவரத்தை அறிய மட்டும் பயன்படுத்திக்கொள்வது நல்லது. வீட்டை நேரில் பார்க்காமல் “டோக்கன் அட்வான்ஸ்” அனுப்பச் சொல்பவர் எவராக இருந்தாலும் பணம் அனுப்பக் கூடாது. திருச்சியில் பல வீடுகள் இன்றும் வாசலில் தொங்கும் “டூ லெட்” பலகை வழியாகவும், மளிகைக் கடைக்காரர், பால்காரர், இஸ்திரி போடுபவர் வாய்ச்சொல் வழியாகவுமே கைமாறுகின்றன. நான்கு நாள் ஊரிலேயே தங்கி, மனத்துக்குப் பிடித்த இரண்டு பகுதிகளின் தெருக்களில் காலையும் மாலையும் நடப்பதைக் காட்டிலும் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. தரகர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே அதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது

சென்னையில் மாலையானால் கடற்காற்று வந்துவிடும். திருச்சியில் அது இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு இரவு பத்து மணிக்கும் சூடு தணியாமல் இருக்கும். எனவே ஒரு வீட்டை முடிவு செய்வதற்கு முன் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை சென்று, மேற்குச் சுவரிலும் கூரையிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். மேல்தளம் என்பதால் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று சொல்பவர் அந்த ஆயிரத்தைக் குளிர்சாதன இயந்திரத்தின் மின்கட்டணமாக உங்களிடமே திருப்பி வாங்கிவிடுகிறார்.

மின்சாரத்தில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான சலுகையும் குறைந்துவிடுகிறது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனங்களை வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வசூலிக்கும் வீடுகளில் குடியிருப்பவருக்கு அந்த இலவசமும் கிடைக்காது, மலிவான அடுக்கும் கிடைக்காது. தனி மீட்டர் இருக்கிறதா என்பதை வாடகை பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டும். குடிபுகும் நாளில் மீட்டரில் உள்ள எண்ணைப் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிட்டால், முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற பாக்கி உங்கள் தலையில் விழாது.

தண்ணீரைப் பொறுத்தவரை, மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்று நீர் நல்ல நீர்தான். அது எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, மேல்தொட்டிக்கு ஏறுவது அந்த நீரா ஆழ்துளைக் கிணற்று நீரா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். உரிமையாளரின் பதிலை மட்டும் நம்பாமல் குளியலறைக் குழாயின் வாயையும் தரை ஓடுகளையும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வாளியும் கெய்சரும் உங்கள் தலைமுடியும் படப்போகும் பாடு அங்கேயே எழுதியிருக்கிறது.

மழைநீரைப் பற்றி உரிமையாளரைக் கேட்பதைவிடத் தெருமுனைத் தேநீர்க் கடையில் கேட்பது மேல். கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் ஊருக்குள் ஊடாடி வருவதால், காவிரிக் கரையிலிருந்து தள்ளி இருக்கும் தெருவிலும் வெள்ளம் புகுந்த வரலாறு இருக்கக்கூடும். 2005 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாக இருப்பவர் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார்.

ஒப்பந்தம்

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென இணையதளமும் இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு தேவையில்லை என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது பத்திரப் பதிவுச் சட்டத்தை மனத்தில் வைத்து வந்த பழைய பழக்கம். புதிய சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும், காலி செய்த பின் ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உள்ளன. சென்னையில் காலி செய்யும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. சட்ட இணைப்பில் வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பாகவே சொல்லப்பட்டிருக்கிறது என்றாலும், அந்த வரியை முதல் நாளிலேயே பேசி நீக்காவிட்டால் கடைசி நாளில் வாதாடிப் பெறுவது கடினம். சுவரின் கீறல், ஒழுகும் குழாய், உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் சாமான் இறக்குவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடகையே வேண்டாம், ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இருங்கள் என்று ஒத்திக்கு வீடு தர முன்வருபவர்களும் உண்டு. வெளியூரிலிருந்து வருபவருக்கு அது மலிவாகத் தோன்றும். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை கட்டத் தவறினால், ஒத்திப் பணம் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது என்றாலும், எல்லா வங்கிக் கடனும் அதில் தெரியும் என்ற உறுதி இல்லை. அசல் பத்திரத்தையும் காட்டச் சொல்ல வேண்டும். பதிவு செய்யாத ஒத்தியை எந்த விலைக்கும் ஏற்க வேண்டாம்.

சாமான் ஏற்றுவது குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு நேரில் வந்து சாமான்களைப் பார்த்து, எழுத்தில் விலை தரும் நிறுவனத்தையே அமர்த்த வேண்டும். பழைய பீரோவை லாரியில் ஏற்றும் கூலி அதன் விலையைத் தாண்டுமானால் அதைச் சென்னையிலேயே விற்றுவிடலாம். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) கேட்டு வாங்க வேண்டும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் ஆதார், சமையல் எரிவாயு, ரேஷன் அட்டை முகவரி மாற்றங்கள் எளிதாகும். வாக்காளர் பட்டியலில் இடம் மாறப் படிவம் 8 போதும்.

ஓராண்டு கழித்து

முதல் வீட்டில் ஓராண்டு இருந்துவிட்டால் எந்தச் சாலையில் நெரிசல், எந்தத் தெருவில் தண்ணீர்க் கஷ்டம், எந்த மருத்துவமனை உங்களுக்கு ஒத்துவரும் என்பதெல்லாம் தாமாகவே தெரிந்துவிடும். அதன் பிறகு இடம் வாங்க நினைப்பவர், விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரத்தையும் பட்டாவையும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் உங்கள் பணத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். மனை விற்பவரே அழைத்து வரும் வழக்கறிஞர் அதற்குப் போதாது. ஸ்ரீரங்கத்தில் அடிமனை (வீடு நிற்கும் நிலம்) கோயிலுக்கு உரியதா என்ற வழக்கு நெடுங்காலமாக இருப்பதால், அங்கே வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் பத்திரப் பதிவு நடக்குமா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். புறநகர் மனை எதுவாயினும், கோடையில் பார்த்துப் பிடித்திருந்தாலும், ஐப்பசி மழை விடாமல் பெய்த மறுநாள் காலையில் மீண்டும் ஒரு முறை போய், மனைக்குச் செல்லும் பாதையில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.