ஒரு ரிடிம், பல குரல்கள்: ரெகே இசை செய்யத் தொடங்குபவர்களுக்கு

ரெகே பிறந்த ஜமைக்காவில், பாட்டில்லாத தாளமும் பேஸும் (அடிக்குரல் கிட்டாரின் ஒலி) சேர்ந்த அடித்தளத்தை 'ரிடிம்' என்பார்கள். ஒரே ரிடிம் மீது பலர் தனித்தனிப் பாடல்கள் பாடுவார்கள். அந்நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனின் 'ஸ்டூடியோ ஒன்' ஒலிப்பதிவுக் கூடத்தில் 1967இல் பதிவான 'ரியல் ராக்' ரிடிம் மீது இப்படி எத்தனையோ பாடல்கள் வந்துவிட்டன. அதனால் ஒன்றை மனதில் வையுங்கள்: ரிடிமில் குரலுக்கு இடம் விட வேண்டும்.

முதலில் டிரம். கணினியில் இசை மென்பொருளில் வேகத்தை நிமிடத்துக்கு 144 அடிகள் என்று வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள்; இது ஒரு சுற்று. ஒன்றில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வேண்டாம். மூன்றில் மட்டும் கிக்கும், ஸ்நேர் என்ற சிறிய டிரம்மின் விளிம்பில் குச்சித் தட்டலும் சேர்ந்து விழட்டும். ஹைஹேட் என்ற ஜோடித் தட்டுகள் நான்கு எண்ணிக்கைகளிலும் மெதுவாக ஒலிக்கட்டும். இதுதான் 'ஒன் டிராப்'. முதல் எண்ணிக்கை காலியாக இருப்பது ஆரம்பத்தில் தடுமாற வைக்கும். கை தட்டி, காலால் தாளம் போட்டுப் பழகுங்கள், உடம்பு பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பேஸ். ரெகேயில் மெட்டைச் சுமப்பதே இதுதான், இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஏ மைனர், டி மைனர் என இரண்டு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) போதும். நான்கைந்து சுரங்களில், வாயால் முணுமுணுக்க முடிகிற ஒரு வரி கண்டுபிடியுங்கள். நடுவில் மௌனம் இருக்கட்டும். மேல் அதிர்வெண்களைக் குறைத்து, ஒலியை உருண்டையாக்குங்கள். நான் செய்த முதல் ரிடிமில் பேஸ் நிற்கவே இல்லை. பாட வந்த நண்பருக்கு மூச்சு விட இடமில்லாமல் போனது.

அப்புறம் கிட்டார்: இரண்டிலும் நான்கிலும் சட்டென்று வெட்டி நிறுத்துங்கள். ஆர்கன் அந்த வெட்டுக்குச் சற்று முன்னும் பின்னும் கொப்பளிக்கட்டும். 128 சுற்றுகள் ஓட்டினால் மூன்றரை நிமிடம் கிடைக்கும்.

குரல் சேர்க்கும் முன் இந்த ரிடிமைத் தனியாகச் சேமியுங்கள். இனி இதே ரிடிம் மீது வெவ்வேறு பதிப்புகள். ஒருவர் பசி, நீதி, ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் ஏக்கம் பற்றிப் பாடலாம். ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயத்தவரின் 'கான்ஷியஸ்' (விழிப்புணர்வு) ரெகேயின் உயிர் இதுதான். இன்னொருவர் தாளத்தோடு பேச்சாகச் சொல்லலாம். ஜமைக்காவில் அவரைத்தான் 'டீஜே' என்பார்கள். 1970இல் யூ-ராய் என்ற டீஜே இதைப் புகழுக்குக் கொண்டுவந்தார்.

கடைசியாக டப், அதாவது பதிவான பாடலைக் கலைத்து மறுபடி கலக்கும் பதிப்பு. ஜமைக்காவின் ஒலிப்பொறியாளர் கிங் டப்பி செய்ததுபோல பாடும் குரலை நீக்கிவிட்டு, ஓரிரு சொற்களை மட்டும் எதிரொலியில் விடுங்கள். கிட்டாரை நிறுத்துங்கள், நான்கு சுற்றுக்கு டிரம்மும் பேஸும் மட்டும் ஓடட்டும். பிறகு ஆர்கனைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.