முதல் கல்யாணம் படமெடுக்கப் போகிறீர்களா? தாய்மாமனிடமிருந்து தொடங்குங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் நான் தனியாக ஒப்புக்கொண்டு எடுத்த முதல் கல்யாணம். ஆல்பம் கொடுத்த அன்று பெண்ணின் அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அப்புறம் நிமிர்ந்து, "எங்க அண்ணன் பட்டம் கட்டுனது எங்க, தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் இல்லை. தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய அந்த அரை நிமிடம் நான் மேடைக்குப் பின்னால் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் இருந்த படங்கள் இரண்டே இரண்டு. இரண்டிலும் கூட்டத்துக்கு நடுவே பாதி முகம். அந்த அம்மா சத்தம் போடவில்லை. "அவரு இல்லாம இந்தக் கல்யாணமே இல்லையே தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கேமரா இயக்கத் தெரிந்தவர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துகொண்டு மேடையேறுகிறவர்கள் குறைவு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் அங்கிருந்துதான் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

1. வீட்டுக்குப் போய் ஆள் பட்டியல் எழுதுங்கள்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் நேரில் போங்கள். போனில் கேட்டால் "எல்லாம் வழக்கம்போலத்தான் தம்பி" என்று முடித்துவிடுவார்கள். நேரில் போய் ஒரு காபி குடித்தால்தான் விவரம் வரும். கையில் நோட்டு இருக்கட்டும்.

கேட்க வேண்டியவை: தாய்மாமன் எத்தனை பேர், முறை செய்ய முதலில் நிற்பவர் யார்? பட்டம் கட்டுவது உண்டா, எப்போது? தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல வீடுகளில் வழக்கம். உங்கள் வீட்டில் எப்படி, அந்த நாத்தனார் யார்? தாரை வார்த்துக் கொடுப்பவர் யார்? பந்தக்கால் வீட்டில் ஊன்றுகிறார்களா, மண்டபத்திலா? தாலி கட்டுவது மண்டபத்திலா, கோவிலிலா?

கோவில் என்றால் தனியாக விசாரிக்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் நல்ல முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் நிற்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடமும் ஒரு முழ இடமும்தான். எதுவரை கேமரா கொண்டுபோகலாம் என்று முதல் நாளே கோவில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சடங்கு சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். மேலூரில் பார்த்ததைத் திருமங்கலத்தில் எதிர்பார்க்காதீர்கள். "போன கல்யாணத்தில் இப்படித்தான் செய்தார்கள்" என்ற பேச்சே வேண்டாம். கேட்டு, எழுதி, திரும்ப ஒருமுறை படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டும்போதுதான் பெரியவர்கள் யாராவது, "அடடா, பாட்டிக்குப் பாத பூஜையை விட்டுட்டமே" என்பார்கள்.

இன்னொன்றை வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் யாராவது உண்டா? சித்தப்பாவும் பெரியப்பாவும் சொத்துத் தகராறில் இருக்கும்போது, விவரம் தெரியாமல் "நெருங்கி நில்லுங்க, தோள்ல கை போடுங்க" என்று மேடையில் சொன்னால் அங்கே எல்லோர் முகமும் இறுகிவிடும். காரணம் எதுவும் கேட்காதீர்கள். பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாக, இரண்டு வீட்டிலும் ஆளுக்கொருவரைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரையும் தெரிந்த ஒரு சித்தி, அல்லது சுறுசுறுப்பான ஒரு தங்கை. மேடைக்கு ஆள் கூப்பிடுவது அவர்கள் வேலை.

2. கருவி: வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். இரண்டு கேமரா கட்டாயம். ஒன்று உங்களுடையது, இன்னொன்று வாடகை. ஒன்றில் 35 மி.மீ. லென்ஸ் (கூட்டத்துக்கு), இன்னொன்றில் 85 மி.மீ. (தள்ளி நின்று முகம் எடுக்க) மாட்டிவிட்டால் லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. அன்று இப்படி வைத்திருந்தால் அந்தத் தாய்மாமன் படத்தை நான் இழந்திருக்க மாட்டேன். ஒரே கேமராதான் கிடைத்தது என்றால் 24 முதல் 70 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் ஜூம் லென்ஸ் போதும். இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமரா என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். பேட்டரி நான்கு, பிளாஷ் இரண்டு.

3. முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போங்கள்

மேடையில் மணவறை கட்டிக்கொண்டிருப்பார்கள். விளக்குக்காரரிடம் பேசி, காலையில் போடப்போகும் விளக்கை ஐந்து நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேடையில் மஞ்சள் ஃபோகஸ் லைட், ஜன்னலில் வெள்ளைப் பகல் வெளிச்சம், பக்கத்தில் பச்சை கலந்த டியூப் லைட் என்று மூன்றும் சேர்ந்தால் ஒரே முகத்தில் மூன்று நிறம் விழும். "அண்ணே, இந்தப் பக்க டியூப்பை மட்டும் காலையில அணைச்சிருங்க" என்று கேட்டால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். பிறகு மணமேடையில் யாரையாவது உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி, அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அளவு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க ஒரு அளவு: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 2.8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 விநாடி. படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், பெரும்பாலும் பட்டை போய்விடும். வரவேற்பு மேடையில் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தாலும் இதையே முதலில் செய்து பாருங்கள்.

4. முகூர்த்தம்

காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் நீங்கள் நான்கு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பெண்ணுக்குப் பூ வைக்கும் நேரம் அது. மதுரை மல்லி அப்போதுதான் கட்டவிழ்ந்து வெள்ளையாக இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் மேடைச் சூட்டில் பழுத்துவிடும். ஜடையின் படத்தை அப்போதே எடுத்துவிடுங்கள். கறுத்த கூந்தல் மேல் வெள்ளைப் பூ என்பதால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஸ்டாப் என்பது கேமராவின் வெளிச்ச அளவில் ஒரு படி) குறைத்தால் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரியும். பட்டுச் சரிகைக்கும் இதேதான்.

ஐயர் வந்ததும் வணக்கம் சொல்லி, "சாமி, தாலி கட்டும்போது மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவார்?" என்று கேட்டுவிடுங்கள். வீடியோ எடுப்பவரிடமும் பேசி, அவர் நடுவில் நின்றால் நீங்கள் பெண்ணின் முகம் தெரிகிற ஓரம், நடுவை நீங்கள் எடுத்தால் அவர் ஓரம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் எடுத்த கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி கவனம். தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு பெரியவர்கள் தொட்டுக் கும்பிடக் கூட்டத்தில் சுற்றி வரும். அட்சதை கொடுப்பார்கள். தட்டு கிளம்பியதுமே கார்டில் இடமிருக்கிறதா, பேட்டரி எவ்வளவு என்று பார்த்து, வேண்டுமானால் மாற்றிவிடுங்கள். தட்டு மேடைக்குத் திரும்பிய பிறகு எதையும் தொடக்கூடாது. ஹோமப் புகை இருந்தால் பிளாஷை அணையுங்கள். போட்டால் புகைதான் வெள்ளைச் சுவர்போல நிற்கும், முகம் தெரியாது. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், பெண்ணின் கண்ணில்.

ஐயரின் கை உயரும், "கெட்டிமேளம்" என்பார், நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும். அதே நொடியில் முன் வரிசை மொத்தமும் எழுந்து போனை உயர்த்தும். ஆகவே கீழே நிற்காதீர்கள். மேடை ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முன்பே ஏறி நின்றுவிடுங்கள். தொடர்ச்சியாக எடுங்கள். முதல் முடிச்சு விழும்போது மாப்பிள்ளையின் விரல்கள், அப்புறம் குனிந்திருக்கும் பெண்ணின் முகம், பின்னால் விளக்கோடு நிற்கும் நாத்தனார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் கேமராவை மணமக்களிடமிருந்து எடுத்துப் பெண்ணின் அப்பா பக்கம் திருப்புங்கள். மற்ற எல்லோரும் அட்சதை போடுவார்கள். அவர் பல நேரம் அட்சதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

5. மேடையில் குடும்பப் படம்

இதைச் சலிப்பான வேலை என்று நினைத்து உதவியாளரிடம் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பத்து வருடம் கழித்து வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் இந்தப் படம்தான்.

வரிசை முக்கியம். முதலில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், நாற்காலி போட்டு உட்காரவைத்து. அவர்களுக்கு மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் என்று இருக்கும், காக்க வைக்கக் கூடாது. அடுத்து இரு வீட்டுப் பெற்றோர். மூன்றாவது தாய்மாமன் குடும்பம், அதுவும் தனியாக ஒரு படம், பெண்ணின் அம்மாவையும் சேர்த்து ஒரு படம். அதன் பிறகு அத்தை, சித்தப்பா, பெரியப்பா வகை. பந்தி போட்டாயிற்று என்று ஒரு குரல் வந்துவிட்டால் பாதிப் பேர் கீழே போய்விடுவார்கள், அதற்குள் முதல் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். உங்கள் நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போடுங்கள்.

மூன்று வரிசையாக ஆட்கள் நின்றால் அப்பர்ச்சரை 5.6 அல்லது 8க்குக் கொண்டுபோங்கள். 1.8ல் எடுத்தால் முன்வரிசை கூர்மையாக இருக்கும், பின்னால் நிற்கும் பெரியப்பா மங்கிப்போவார். 24 மி.மீ.யில் நெருங்கி நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். பின்னால் போய் 35 அல்லது 50ல் எடுங்கள். எல்லோரையும் ஒருமுறை கண்ணை மூடச் சொல்லி, "மூன்று" என்றதும் திறக்கச் சொல்லி எடுத்தால் கண் சிமிட்டுவது குறையும். அப்படியும் நான்கு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடி போட்டவர் தாடையைக் கொஞ்சம் தாழ்த்தினால் பிளாஷ் ஒளி கண்ணாடியில் அடிக்காது.

யாரையும் உடையைப் பார்த்து முன்னே பின்னே நிறுத்தாதீர்கள். கசங்கிய வேட்டியில் ஓரமாக நிற்பவர்தான் பெண்ணைத் தூக்கி வளர்த்த மாமாவாக இருப்பார்.

6. வெளியே, வீட்டில்

குடும்பப் படத்துக்கு வெளியிடம் கேட்பவர்கள் பலர். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்தங்கரை காலை ஆறரை முதல் எட்டு வரை அருமையான வெளிச்சம். மாலை என்றால் வண்டியூர்த் தெப்பக்குளம், கீழ்க்கரையில் நின்றால் சூரியன் மைய மண்டபத்துக்குப் பின்னால் இறங்கும். திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் எல்லோருக்கும் ஆசைதான். அது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் புடவை நகையோடு குடும்பத்தைக் கூட்டிப் போய் நிற்காதீர்கள். மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் 2018லிருந்து கைபேசியே கொண்டுபோக முடியாது. சித்திரை வீதியில் விடிகாலையில் நின்று கோபுரத்தைப் பின்னால் வைத்து எடுக்கலாம்.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் அவரவர் வீட்டுத் திண்ணையும் நிலைவாசலும். வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளிப் பாட்டியை உட்காரவைத்தால், வெளியிலிருந்து வரும் வெளிச்சம் மெதுவாக முகத்தில் விழும். எந்த விளக்கும் தேவையில்லை.

7. வீட்டுக்கு வந்ததும்

இரண்டு நாள் கல்யாணத்தில் 2500 படம் சேரும். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைல் (கேமரா பதிந்தபடியே வைக்கும் மூலப் படம்) ஒன்று சுமார் 28 எம்பி என்றால் மொத்தம் 70 ஜிபி. தூங்கும் முன் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஆல்பம் கொடுக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

விரித்தால் 12×36 அங்குலம் வரும் ஆல்பத்தில் ஒரு பக்கம் 18க்கு 12 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 5400×3600. உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000×4000, முழுப் பக்கத்துக்குச் சரியாகப் போதும். ஓரத்தை ரொம்ப வெட்டினால் போதாது, அதனால் எடுக்கும்போதே ஃப்ரேம் பார்த்து எடுங்கள்.

நிறம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆல்பம் வடிவமைக்கிறவரிடம் கொடுத்தால், கேட்காமலே எல்லா முகத்தையும் வெளுப்பாக்கி அனுப்புவது நடக்கும். கறுத்த பெண்ணைச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கினால் அவள் அம்மாவின் சாயலே முகத்திலிருந்து போய்விடும். "தோல் நிறத்தைத் தொடாதீர்கள்" என்று எழுதிக் கொடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் சரியாக அளந்து எடுத்திருந்தால் கறுப்பு அவ்வளவு அழகாகப் பளபளக்கும்.

8. பணம்

தேதி பதியும்போது ஒரு பங்கு, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஒரு பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. எத்தனை தாள் ஆல்பம், எத்தனை நாளில் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள்.

9. ஆடியில் பழகுங்கள்

ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதங்களில் உங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கே போய், அப்பா, அம்மா, தாய்மாமன், அத்தை என்று முறை சொல்லி நிற்கவைத்து எடுத்துப் பழகுங்கள். பத்து வீடு எடுத்தால் கூட்டத்தை நிறுத்தும் குரல் தானாக வந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையில் வாங்கியதும் அவர்கள் யார் முகத்தை முதலில் தேடுகிறார்கள் என்று பார்த்து, அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.