ஒட்டுப் போடுவதா, மாற்றிக் கட்டுவதா: ஆஸ்டெரிஸ்க்கில் முடிவெடுக்கும் வழி

ஆஸ்டெரிஸ்க் என்பது தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் திறந்த மூல மென்பொருள். அதில் சிக்கல் வந்தால், முதலில் பிழை எங்கே இருக்கிறதென்று பாருங்கள். ஒரு எஸ்ஐபி (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) செய்தியின் தலைப்பைத் தவறாகப் படிக்கிறது என்றால் சின்னத் திருத்தம் போதும்: பிழையை மீண்டும் வரவைக்கும் சோதனையை எழுதி, அந்த இடத்தை மட்டும் திருத்தி அனுப்புங்கள். அதே ஒட்டில் மாறிகளின் பெயர்களையும் மாற்றாதீர்கள். சரிபார்ப்பவருக்கு எது திருத்தம், எது அலங்காரம் என்று தெரியாமல் போகும்.

ஒரே எண்ணில் இரண்டு ஃபோன்கள் பதிவாக வேண்டும் என்பது வேறு வகை. எஸ்ஐபி-யைக் கையாளும் பழைய நிரல்பகுதியான சான்_சிப் ஒரு பயனருக்கு ஒரு முகவரியைத்தான் வைத்திருக்கும். அங்கே ஒட்டு மேல் ஒட்டுப் போடுவது வீண். 12-ஆம் பதிப்பில் வந்த சான்_பிஜேசிப் என்ற புதிய நிரல்பகுதி பயனரையும் முகவரியையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தது; 21-இல் பழையது நீக்கப்பட்டது. சரியான முடிவுதான்.

மாறும்போது இரண்டையும் சில நாள் சேர்த்தே ஓட்டுங்கள் (20-ஆம் பதிப்பு வரை முடியும்). பழையது 5060 போர்ட்டில் இருந்தால் புதியதற்கு 5160 கொடுங்கள். இரண்டும் ஒரே போர்ட்டில் நிற்காது. மூலக்குறியீட்டோடு வரும் மாற்று ஸ்கிரிப்ட் அமைப்புக் கோப்பின் பெரும்பகுதியை எழுதித் தரும், ஆனால் வரிவரியாகச் சரிபாருங்கள். ஃபோன் பதிவாகாமல் 403 (அனுமதி மறுப்பு) வந்தால் ஏஓஆர் பகுதியில் (பயனரின் ஃபோன் முகவரிகளை வைக்கும் இடம்) 'மேக்ஸ்_கான்டாக்ட்ஸ்', அதாவது எத்தனை ஃபோன்கள் பதிவாகலாம் என்ற அளவைப் பாருங்கள்: இயல்பு மதிப்பு 0. இரண்டு ஃபோனுக்கு 2 போடுங்கள். டயல்பிளானில் (எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) 'எஸ்ஐபி/' என்றிருப்பவை எல்லாம் 'பிஜேசிப்/' ஆக வேண்டும். ஒன்று விட்டாலும் அந்த அழைப்பு போகாது.